தேயும் ஆசை, வளரும் பலன்

மாலை நேரம். தோட்டத்தால் வந்த தகப்பனார் கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டு, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் சாய்கிறார். "மோனை, சந்திக் கடைக்கு ஒருக்கால் ஓடிப்போய் இரண்டு சுருட்டு வாங்கிக்கொண்டு வா" என்று குரல் கொடுக்கிறார். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன் சில்லறையை வாங்கிக்கொண்டு ஓடுகிறான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து இன்று தலை நரைத்திருப்பவர்களில், சிறுவயதில் இந்த ஓட்டத்தை ஓடியவர்கள் பலர்.

காலம் மாறிவிட்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது இன்று குற்றம். சுருட்டு இருந்த இடத்தைப் பெரும்பாலும் சிகரெட் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கதிரையில் சாய்ந்திருப்பவரின் மனதில் கிடக்கும் கேள்விகள் மட்டும் மாறவில்லை. அவை இரண்டு.

"இத்தனை வருடம் பத்தியாயிற்று. இனி விட்டு என்ன பலன்?" என்பது முதலாவது.

"விட்டாலும் இந்த ஆசை சாகும்வரை வதைக்குமே, அதோடு எப்படி வாழ்வது?" என்பது இரண்டாவது.

அன்பான வாசகரே, புகைப்பவரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது இப்பாடத்தின் நோக்கம் அல்ல. அவர் தம்மைத் தாமே பலமுறை விசாரித்து முடித்திருப்பார். மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே நமது நோக்கம். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். புகையை விட்டவரின் ஆசை தேய்பிறை போல நாளுக்கு நாள் குறைகிறது. அவருக்குக் கிடைக்கும் பலனோ வளர்பிறை போல நாளுக்கு நாள் கூடுகிறது. இது எவ்வாறு நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் மண்ணும் புகையிலையும்

புகையிலை நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியரின் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துச் செம்மண் அதைத் தன் பிள்ளையாகவே வளர்த்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே நமது புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்கும் மலையாளக் கரைக்கும் போனது. கேரளத்தில் வெற்றிலையோடு போடும் புகையிலைக்கு "ஜாப்பாணம்" என்றொரு பெயர் வழங்குவது அந்த வியாபாரத்தின் நினைவாகும். பின்னாளில் நம்மவர்கள் தென்னிலங்கைப் பட்டினங்கள் எங்கும் சுருட்டுக் கடை வைத்தார்கள். ஊரிலே சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டைச் சுற்றிக்கொண்டே உலக நடப்பைக் கேட்டு அறிந்தார்கள்.

துலா மிதித்து இறைத்த அந்தத் தண்ணீரில் எத்தனையோ குடும்பங்கள் தழைத்தன. புகையிலைக் காசில் பிள்ளைகள் படித்தார்கள், கல்வீடு எழும்பியது, பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுபட்டது. ஆகவே, "நமக்குச் சோறு போட்ட செடியை எப்படிக் குறை சொல்வது?" என்று ஒரு தயக்கம் நம்மிடம் இருப்பது இயல்பே.

அந்தச் செடியின் குணத்தை அதை வளர்த்தவனே முதலில் அறிவான். பனியிலோ மழையிலோ நனைந்த புகையிலையை அணைத்து முறித்தவருக்குத் தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும், சத்தி வரும். இலையில் உள்ள நிக்கொற்றின் என்ற நச்சு, ஈரத்தில் கரைந்து தோல் வழியே உடம்புக்குள் போவதால் வரும் வருத்தம் அது. தொட்டவனையே மயக்கும் இலை, அதைக் கொளுத்தி உள்ளே இழுப்பவனை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருமானம் தரும் பொருளை விடுவது சுலபமல்ல. ஆயினும் விட்டவர்கள் உண்டு. வத்திக்கானில் அங்கு பணிபுரிவோருக்கும் ஓய்வு பெற்றோருக்கும் சலுகை விலையில் சிகரெட் விற்கப்பட்டு வந்தது. நல்ல வருமானம் தந்த வியாபாரம் அது. 2017 நவம்பரில் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2018 முதல் அந்த விற்பனையை நிறுத்துவதென முடிவு செய்தார். மக்களின் உடல்நலத்துக்குத் தெளிவாகக் கேடு செய்யும் ஒன்றில் திருப்பீடம் பங்குகொள்ள முடியாது என்பதே காரணம். எந்த இலாபமும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்பது அந்த முடிவின் பொருள்.

புகை உள்ளே போய்ச் செய்யும் வேலை

ஒரு முறை புகையை இழுத்தால், ஏறக்குறைய பத்து விநாடிகளில் நிக்கொற்றின் மூளையைச் சேர்கிறது. அங்கே ஒரு சிறு இதத்தை உண்டாக்குகிறது. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அதன் அளவு இறங்கியதும் மனம் தவிக்கிறது, எரிச்சல் வருகிறது. அடுத்த சிகரெட் அந்தத் தவிப்பைத் தணிக்கிறது. "கவலைக்கு மருந்து" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இதுவே. சிகரெட் தானே உண்டாக்கிய தவிப்பைத் தானே தணித்துவிட்டு நன்றியும் வாங்கிக்கொள்கிறது.

நம்மவர்கள் கவலைக்குக் குறைவில்லாமல் வாழ்ந்தவர்கள். 1995இல் வலிகாமத்தைவிட்டு ஒரே நேரத்தில் வெளிக்கிட்டபோதும், அதன்பின் வந்த இழப்புகளின்போதும், நெஞ்சுப் பாரத்தைப் புகையில் கரைக்கப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 2014இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான கட்டுரை ஒன்று, புகையை விட்டவர்களின் கவலையும் மனச்சோர்வும், தொடர்ந்து புகைத்தவர்களுடையதைவிடக் குறைந்திருந்தன என்று காட்டியது. துணை என்று எண்ணியது உண்மையில் பாரமாகவே இருந்திருக்கிறது.

நிக்கொற்றின் ஆளைக் கட்டிவைக்கும் கயிறு. கொல்லுவது பெரும்பாலும் கூட வரும் புகை. அதில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உள்ளன. சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. காபனோரொட்சைட்டு என்ற வாயு, இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்கள் தடிக்கின்றன. மாரடைப்பு, பாரிசவாதம், நெஞ்சுச்சளி, மூச்சிழுப்பு, நுரையீரல் புற்றுநோய் என்பன பின்னால் வருகின்றன. உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காதவர்கள். மற்றவரின் புகையைச் சுவாசித்தவர்கள்.

"நான் சுருட்டுத்தான், புகையை உள்ளே இழுப்பதில்லை" என்று சிலர் ஆறுதல் கொள்வர். சுருட்டுப் புகையிலுள்ள நிக்கொற்றின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடும். வாய், தொண்டை, களம் ஆகியவற்றில் புற்றுநோய் வர அது வழி செய்கிறது. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் இது பொருந்தும். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிச்சயிக்கப்பட்ட ஒன்று. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயே முன்னிற்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு கூட்டம் நடந்தே வந்து நிதி சேர்த்ததையும், அந்த நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததையும் நாம் அறிவோம். அவ்வளவு தூரம் நடந்து கட்டவேண்டிய தேவை நம் குடாநாட்டில் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

வளரும் பலன்

இனி நல்ல செய்திக்கு வருவோம். நாம் கெடுத்த உடம்பு, நாம் கைவிட்டதும் உடனே தன்னைத் திருத்தத் தொடங்குகிறது. இறைவன் அதை அப்படி அமைத்திருக்கிறார். கடைசிச் சிகரெட்டை அணைத்த நேரத்திலிருந்து கணக்கெடுத்துப் பாருங்கள்.

20 நிமிடத்தில், வேகமாக அடித்துக்கொண்டிருந்த நாடி இறங்குகிறது. இரத்த அழுத்தமும் குறைகிறது.

12 மணித்தியாலத்தில், இரத்தத்திலிருந்த காபனோரொட்சைட்டு சாதாரண அளவுக்கு வந்துவிடுகிறது. இரவு விட்டவரின் இரத்தம் காலையில் சுத்தமாக ஒட்சிசனைச் சுமக்கிறது.

2 வாரத்துக்கும் 3 மாதத்துக்கும் இடையில், இரத்த ஓட்டம் சீர்ப்படுகிறது. நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது. சைக்கிளில் மேட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

1 முதல் 9 மாதத்துக்குள், இருமலும் மூச்சு வாங்குவதும் குறைகின்றன. விட்ட புதிதில் சிலருக்கு இருமல் சற்றுக் கூடலாம். நுரையீரல் தன்னைக் கூட்டித் துப்புரவாக்கும் வேலை அது; பயப்படத் தேவையில்லை.

1 வருடத்தில், மாரடைப்புக்கு வழிசெய்யும் இருதய நோய் வரும் ஆபத்து, புகைப்பவருக்கு உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

5 முதல் 15 வருடத்தில், பாரிசவாதம் வரும் ஆபத்து ஒருபோதும் புகைக்காதவரின் நிலைக்கு இறங்குகிறது.

10 வருடத்தில், நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஏறக்குறையப் பாதியாகிறது. 15 வருடத்தில் இருதயம் ஒருபோதும் புகைக்காதவரின் இருதயத்துக்கு நிகராகிறது.

இந்த வரிசையைக் கூர்ந்து பாருங்கள். பலன் முதல் நாளோடு முடிந்துவிடவில்லை. பத்து வருடம் கழித்தும் அது கூடிக்கொண்டே இருக்கிறது. வங்கியில் போட்ட காசு வட்டியோடு வளர்வது போல, ஒரு நாள் எடுத்த முடிவு ஆயுள் முழுவதும் வளர்கிறது.

கையில் மிஞ்சும் காசையும் கணக்கில் சேர்க்கலாம். நாளுக்கு 5 சிகரெட் என்றால் வருடத்துக்கு 1,825. பத்து வருடத்தில் 18,250. இன்று உங்கள் சந்திக் கடையில் ஒரு சிகரெட்டின் விலை என்னவோ, அதனால் இதைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவோ, வீட்டின் கூரையோ அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கக் காண்பீர்கள்.

"வயது போய்விட்டதே!"

முதற் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் ரிச்சாட் டொல் என்ற வைத்திய அறிஞர், 1951இல் தம் சகாக்களோடு ஓர் ஆய்வைத் தொடங்கினார். 34,000க்கும் மேற்பட்ட ஆண் வைத்தியர்களிடம் அவர்களின் புகைக்கும் பழக்கத்தைக் கேட்டு எழுதி வைத்து, ஐம்பது வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2004இல் வெளியான முடிவு இது: வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முந்தி இறந்தார்கள். ஆனால் 60 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய 3 வருடத்தையும், 50 வயதில் விட்டவர்கள் 6 வருடத்தையும், 40 வயதில் விட்டவர்கள் 9 வருடத்தையும், 30 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்து வருடத்தையும் மீட்டுக்கொண்டார்கள்.

அறுபது வயதில் விட்டவருக்கும் மூன்று வருடம்! பேரப்பிள்ளையின் முதல் நன்மையைக் காண, மகளின் கலியாணத்தில் கைபிடித்து நடக்க, வெளிநாட்டிலிருந்து வரும் மகனை வாசலில் நின்று வரவேற்க மூன்று வருடம் போதாதா? டொல் தாமும் புகைத்தவரே. இதற்கு முன் தாம் செய்த ஓர் ஆய்வின் முடிவுகளைக் கண்டதும் நாற்பது வயதுக்கு முன்னரே அதை விட்டுவிட்டார். 2005இல் இறக்கும்போது அவருக்கு 92 வயது.

தேயும் ஆசை

இரண்டாவது கேள்விக்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. புகையிலைச் செடி பூக்க முந்தி அதன் தலையை முறித்துவிடுவார்கள். செடியின் பலம் இலைக்குப் போகவேண்டும் என்பதற்காக. ஆனால் செடி சும்மா இராது. ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு பக்கத்துளிர் முளைக்கும். கெட்டு என்பார்கள். அதைக் கிள்ளினால் சில நாளில் இன்னொன்று வரும். தோட்டக்காரன் சலிக்காமல் வரிசை வரிசையாகப் போய்க் கிள்ளுவான். "ஒருமுறை கிள்ளியும் திரும்ப வந்துவிட்டதே" என்று அழுதுகொண்டு குந்தியிருக்க மாட்டான். அது செடியின் குணம் என்று அவனுக்குத் தெரியும்.

புகையை விட்டவருக்கு வரும் ஆசையும் இந்தக் கெட்டைப் போன்றதே. தலையை ஒருநாள் முறித்துவிடலாம்; கெட்டுகள் பின்னால் வரும். முதல் மூன்று நாட்கள் மிகக் கடினமானவை. எரிச்சல், தலையிடி, நித்திரைக் குழப்பம், மலச்சிக்கல், கூடுதலான பசி ஆகியவை வரலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் உடம்பின் வருத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் அது சில நிமிடங்களே நிற்கும். கடல் அலை போல ஏறும், உச்சிக்கு வரும், தானாக இறங்கும். அந்தச் சில நிமிடத்தைக் கடந்துவிட்டால் அந்தக் கெட்டு கிள்ளப்பட்டுவிட்டது.

மாதங்கள் சென்றபின்பும் திடீரென ஒரு கெட்டு தலைகாட்டக்கூடும். தேத்தண்ணியோடு, சீட்டுக் கட்டோடு, பழைய சிநேகிதனோடு அது வரும். "இத்தனை நாளாயிற்று, ஒன்றே ஒன்று பத்தினால் என்ன?" என்று அது கேட்கும். அந்த ஒன்றைக் கொடுத்தவர்களில் பலர் ஒரு கிழமையில் பழைய கணக்குக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆகவே அதற்குக் கொடுக்கவேண்டிய பதில் முன்பே தயாராக இருக்கட்டும்.

மூன்று மாதத்தில் தொடங்கிய தொழிலாளி

அயர்லாந்தின் டப்ளின் நகரில் மற் ரல்பொற் என்று ஓர் ஏழைத் தொழிலாளி இருந்தார். 1856இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் வேலைக்குப் போன இடத்தில் குடிக்கப் பழகி, உழைப்பு முழுவதையும் குடியில் அழித்தவர். 1884இல், தமது 28ஆம் வயதில், இனிக் குடிப்பதில்லை என்று ஒரு குருவானவர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார். எவ்வளவு காலத்துக்கு? மூன்று மாதத்துக்கு மட்டும். அது முடிந்ததும் புதுப்பித்தார். பின்னர் ஆயுளுக்கும் கொடுத்தார். 1925இல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல் அந்த வாக்கைக் காத்தார். 1975இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

பலரும் அறியாத செய்தி, அவர் புகைப்பதையும் விட்டார் என்பது. குடியை விட்டதிலும் பார்க்கப் புகையிலையை விட்டதே தமக்குக் கடினமாக இருந்தது என்று அவர் சொல்லியதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, புகையை விடக் கஷ்டப்படுபவர் பலவீனர் அல்லர். அது உண்மையிலேயே கடினமான காரியம். மற்றது, ஆயுள் முழுவதையும் ஒரே நாளில் தூக்க வேண்டியதில்லை. தவக்காலத்தின் நாற்பது நாளுக்கென்று தொடங்கலாம். மேலே சொன்ன நான்கு வாரமும் அந்த நாற்பது நாளுக்குள் அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பாஸ்குத் திருநாளன்று உடம்பு பெரும்பாலும் விடுதலை பெற்றிருக்கும். அன்று மீண்டும் கொளுத்த ஒரு காரணமும் இராது.

விடுவதற்கு வழி

முதலாவது, ஒரு நாளைக் குறியுங்கள். இரண்டு கிழமைக்குள் வரும் ஒரு நாளாக இருக்கட்டும். அதை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முதல்நாள் இரவே சிகரெட், சுருட்டு, நெருப்புப்பெட்டி, சாம்பல் தட்டு எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். "அவசரத்துக்கு ஒன்று" என்று மிச்சம் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, குறைப்பதோடு நின்றுவிடாதீர்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு இருதய நோயால் கூடும் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. குறைப்பது விடுவதற்குப் படியாக இருக்கலாம். அதுவே முடிவாகக் கூடாது.

நான்காவது, ஆசை எழும் அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு வேலை வைத்திருங்கள். ஒரு கோப்பை தண்ணீரை மெதுவாகக் குடிக்கலாம். கராம்போ ஏலக்காயோ வாயில் போடலாம். எழுந்து கிணற்றடி வரை நடக்கலாம். செபமாலையில் பத்து மணி சொல்லி முடிக்க அலை இறங்கிவிடும்.

ஐந்தாவது, வைத்தியரின் உதவியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நிக்கொற்றினைச் சிறு அளவில் கொடுத்துத் தவிப்பைத் தணிக்கும் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் அவற்றை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றிக்கான வாய்ப்பு இரட்டிப்புக்கு மேல் கூடுகிறது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

ஆறாவது, தவறி விழுந்தால் எழும்புங்கள். முதல் முயற்சியிலேயே வென்றவர்கள் சிலரே. எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது விழுந்தீர்கள் என்று பார்த்துக்கொண்டு, அடுத்த நாளே திரும்பத் தொடங்குங்கள். ஒரு நாள் கெட்டுக் கிள்ளத் தவறியதற்காகத் தோட்டத்தை யாரும் கைவிடுவதில்லை.

வீட்டாருக்கு ஒரு சொல்

அம்மாமாரே, பிள்ளைகளே, விடுகிறவரின் முதல் மூன்று நாட்கள் உங்களுக்கும் சோதனையான நாட்களே. சோறு சரியில்லை என்பார். சின்ன விஷயத்துக்கும் சீறுவார். "இதைவிடப் பத்திக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் போதும், அவர் சந்திக் கடைக்கு நடக்க. "இன்றைக்கு ஐந்தாம் நாள் அப்பா" என்று பிள்ளை எண்ணிச் சொல்வது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. விழுந்துவிட்டாலும் பழிக்காதீர்கள். வீட்டில் நிந்தை கேட்டவர் ஒளித்துப் புகைப்பார். தைரியம் கேட்டவர் திரும்ப முயல்வார்.

பொதுவாக நாம் எல்லோரும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. செத்தவீட்டிலும் கலியாண வீட்டிலும் வருபவருக்குத் தட்டில் சுருட்டும் சிகரெட்டும் வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மரியாதைக்காக வைக்கிறோம். ஆனால் மூன்று மாதமாகப் போராடி விட்ட ஒருவரின் முன்னால் அந்தத் தட்டை நீட்டும்போது நாம் செய்வது மரியாதையா? உங்கள் வீட்டு விசேஷத்தில் அந்தத் தட்டு இல்லாமல் இருக்கட்டும். தேத்தண்ணி ஒன்றே போதும்.

அந்த விறாந்தைக்குத் திரும்புவோம். சாய்மனைக் கதிரையில் அவர் இருக்கிறார். மாலை நேரம். பையனைக் கூப்பிடுகிறார். சில்லறைக்காக அவன் கையை நீட்டுகிறான். "கடைக்கு வேண்டாம் மோனை. இப்படிக் கிட்ட வந்து இரு" என்கிறார். முன்பு புகை நாறும் என்று சற்றுத் தள்ளி நிற்பவன், இன்று தகப்பனின் தோளில் சாய்ந்துகொள்கிறான். மேலே கணக்கிட்ட வருடங்கள் எல்லாம் பின்னால் வரும். இந்தப் பலன் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

குடும்பமாக இருந்து சிந்திக்க:

1. நம் வீட்டில் யாராவது புகைக்கிறார்களா, புகையிலை போடுகிறார்களா? அவர் அதை விட எப்போதாவது முயன்றாரா? அந்நேரம் நாம் அவருக்குத் துணை நின்றோமா, நிந்தித்தோமா?

2. ஆசை பெரும்பாலும் எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது எழுகிறது? அந்த நேரத்தில் வேறு எதைச் செய்யலாம்?

3. ஒரு வருடத்தில் மிஞ்சக்கூடிய காசு எவ்வளவு? அதை எதற்கு ஒதுக்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

4. நம் வீட்டின் அடுத்த விசேஷத்தில் புகையிலைத் தட்டு இராது என்று இன்றே தீர்மானிக்க முடியுமா?